மூன்று மில்லிமீட்டர்

ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
குளிரைக் கட்டிக் கணக்கில் தெரியும்:
முழுக்கட்டி, அரைக்கட்டி, பொடித்தது எத்தனை கூடை,
எந்த வள்ளத்துக்குக் கடன், எதற்கு ரொக்கம்.
மில்லிமீட்டரில் கேட்டால் முழிப்பேன் என்பது
கோவளம் வந்து இறங்கும்வரை தெரியாது.

கடை என்றால் கடையில்லை.
அலைப்பலகை வாடகைக்கு விடும் ஷிஹாபுதீனின் பின்கட்டு.
சீசன் முடிந்து ஊர் திரும்பியவர்கள் விட்டுப்போன உடுப்புகள்
கொடியில் தலைகீழாக,
காலைப் பிடித்துத் தூக்கிய வாத்துகள் மாதிரி.
"அஞ்சு எம்மெம் உண்டு, மூணு உண்டு,
கையில்லாத ரெண்டும் உண்டு. எவிடெ நீந்தான்?"
நீரோடியில், என்றேன்.
"அவிடெ எந்தினா இது? சூடு வெள்ளமல்லே?"

ஆவணியில் வந்து பாரும்.
காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக,
அடியில் கிடந்தது எழுந்து வரும்,
பச்சையாக, கெட்டியாக.
முட்டு நனையும்முன் மூச்சு தொண்டையில் நிற்கும்.
சிப்பி குளிக்கிற பயல்கள்கூட
பாறையில் ஏறி வெயிலுக்கு முதுகைக் கொடுத்திருப்பார்கள்.
எனக்கு இருபத்துமூன்று நிமிடம்.
அதன்பின் விரல்கள் நண்டுக்கால்.
தாடை தானாகவே ஜெபமாலை சொல்லும்.
பொழியூர்க் குருசடியின் வெள்ளை
கண்ணில் படுகிற தூரத்தில்
மூன்று ஞாயிறு திரும்பிவிட்டேன்.

முதலில் அஞ்சு.
கழுத்துப் பட்டைக்கு உள்ளே பேனாவில் ஒரு பெயர்: ஆனெக்க.
யாரோ ஒருத்தி. என்னைவிட ஒரு முழம் உயரம்.
அவளுடைய முழங்கால்கள்
என் கணுக்காலுக்குப் பக்கத்தில் வளைந்து நின்றன.
கையை வீசினால் தோள் திரும்ப இழுத்தது,
கட்டை மறந்து தள்ளிய வள்ளம்போல்.
"நல்லோணம் மிதக்கும்" என்றான்.
மிதப்பதற்கு வரவில்லையே நான்.

பிறகு மூணு.
ஒரு துணிக்கடைப் பையை நீட்டினான்.
பாதத்தில் மாட்டி நுழைத்தால் வழுக்கிப் போகுமாம்.
போயிற்று.
தட்டிக்குப் பின்னால் கால்மணி நேரம்
மூச்சும் முனகலுமாய் நான் மல்லுக்கட்ட,
வெளியே அவன் ரேடியோவின் சத்தத்தை மரியாதையாகக் கூட்டினான்.
பாதி உடைந்த கண்ணாடியில்,
நாற்பத்தாறு வயதும் பிரசவத் தழும்பும்
ஒரே கறுப்புக்குள் அடங்கி,
ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பாக நின்றேன்.

கக்கத்தில், கழுத்தில், இடுப்புக்குப் பின்னால்
இரண்டு விரல் நுழைகிறதா பார்க்கச் சொன்னான்.
நுழைந்தால் வேண்டாம்.
வெள்ளம் எப்படியும் உள்ளே வரும்,
வந்தது திரும்பிப் போகக்கூடாது, அவ்வளவுதான்;
பிறகு நம்ம சூட்டில் கிடந்து பழகிக்கொள்ளும்.
இவ்வளவு கொடுத்தும் நனையத்தான் போகிறேனா?
"பின்னல்லாதே!"
தேங்காயெண்ணெய் மட்டும் புரட்டாதே,
ரப்பர் செத்துப்போகும் என்றான்.
பத்து வருசமாய் அதைத்தான் உடம்பெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லை தாண்டி வாங்கிய லாட்டரிச் சீட்டில் விழுந்தது ஐயாயிரம்.
நாலாயிரத்து இருநூறை எண்ணி வைத்தேன்.
மடிக்கும்போது முதுகு ஜிப்பைக் காட்டிக் கேட்டான்,
உடுத்திவிட வீட்டில் ஆளுண்டோ என்று.
மோசமான கேள்வியில்லை. எல்லாரிடமும் கேட்பானாயிருக்கும்.
ஜிப்பின் நாக்கில் நீளமாய் ஒரு நாடா தொங்கியது.
சற்றுமுன் தட்டிக்குப் பின்னால்
தோளுக்குமேல் கைவிட்டுத் துழாவி
அதைத்தான் பிடித்து இழுத்திருந்தேன்.
நாடா உண்டு, என்றேன்.

ஞாயிறு. முதல் பூசைக்கு மணி அடிக்குமுன் இறங்கினேன்.
கழுத்து வழியே ஒரு நூல் குளிர்
தண்டுவடத்தில் இறங்கி இடுப்பில் நின்றது.
நின்றது, போகவில்லை.
நீவாடு வடக்கே இழுத்தது, போனேன்.
எங்கோ ஓரிடத்தில் மாநிலம் மாறியிருக்கும்,
பார்க்கவில்லை.
நாற்பத்தொரு நிமிடம்.
பொழியூர் மணலில் வலை உதறிக்கொண்டிருந்தவர்
யாரம்மா, எந்த ஊர் என்றார்.
பல் கிட்டாமல் பதில் சொன்னேன்.

கணுக்கால் கொஞ்சம் லூஸ்.