ஓதம்

சித்திரை பாதி.
சையத் பாஷா மலைப் பாறையில் கை வைக்க முடியாது.
பழையபேட்டையில் நான் வாங்கிய அரைவீட்டில்
மேற்குச் சுவர் மட்டும் நனைந்திருக்கிறது.

முதலில் உள்ளங்கை அளவு.
பிறகு முறம் அளவு.
பீரோவை நகர்த்தினால்
நர்சிங் சான்றிதழ் உறையில் பூஞ்சை.
காரை உதிர்ந்த இடத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை
விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.
கரித்தது.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
மாடி ஒழுகுது என்றார் மேஸ்திரி,
மாடிக்கு ஏறாமலேயே.
பதினெட்டாயிரம் ஆகுமாம்.
தரையிலிருந்து ஏறுது என்றான் பெயிண்டுக் கடைக்காரன்,
டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு.
வாயு மூலைக் கோளாறு என்றாள் வார்டில் ஹேமாவதி.
நான் பக்கத்து வீட்டைச் சொன்னேன்.

பாரிஜாதம் வீட்டுக் குளியலறையில்
அரை பாட்டில் சொட்டு நீலம்.
அவளே ஊற்றினாள், உதட்டைச் சுழித்தபடி.
மூன்று நாள் காத்திருந்தேன்
என் சுவர் நீலமாகட்டும் என்று.
ஆகவில்லை.
நான்காம் நாள் அவள் வாசல் கோலம் நீலத்தில் இருந்தது.
அது எனக்கா என்று நான் கேட்கவில்லை.

காய்ச்சல்காரர்களுக்குச் செய்வதுதான்:
தினம் காலையில் புறங்கை வைத்துப் பார்த்து
ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து
தேதி போட்டேன், சுவரிலேயே.
எல்லா நாளும் கோடு நகரவில்லை.
ஒன்பது. பதினாலு. பத்தொன்பது. இருபத்தி நாலு.
மாங்கூழ் ஆலைக்காரர்கள் தந்த காலண்டரைப்
பக்கத்தில் பிடித்தேன்.
அந்தக் கட்டங்களில் என் கையெழுத்திலேயே இருந்தது:
தண்ணி.

அடுத்த தண்ணி நாள், விடிகாலை நாலரை.
வால்வு திறப்பவரின் சைக்கிள் போனதும்
ஸ்டெதஸ்கோப்பைச் சுவரில் வைத்தேன்.
சொட்டுகிற சத்தம் இல்லை.
இழுப்புக்காரர் தூங்கும்போது வருகிற மாதிரி
ஒரு மெல்லிய விசில்,
இடுப்பு உயரத்தில்,
என் பைப்பு எதுவும் போகாத இடத்தில்.

அன்சர் பாய் உளி வைத்தார்.
இரண்டு வரிசை செங்கல் எடுத்ததும் நின்றார்.
“மேடம், கொழாய்.”
“குழாய்தானே பாய் இருக்கும்?”
“பைப்பு இல்ல மேடம். கொழாய். திருகுறது.”

பித்தளை. பச்சை பிடித்திருந்தது.
வாயில் இன்னும் துணி,
மண் வடிகட்ட யாரோ கட்டிய வேட்டிக் கிழிசல்,
முடிச்சு அவிழாமல்.

என் பத்திரத்தோடு சேர்ந்து வந்த பழைய பாகப் பத்திரத்தை
அன்றுதான் முழுசாகப் படித்தேன்.
தொண்ணூற்று மூன்றில் முற்றத்தின் நடுவே
சென்னகேசவனுக்கும் திம்மராயனுக்கும் ஒரு சுவர்.
கிணற்றுக்கு வழி எழுதியிருக்கிறது.
தென்னையில் பாதிப்பாதி எழுதியிருக்கிறது.
குழாய்க்கு ஒரு வரி இல்லை.
கழற்றுகிற செலவு யாருடையது என்று
இரண்டு பேரும் நின்றிருப்பார்கள்.
கொத்தனாருக்குப் பொழுது சாய்ந்திருக்கும்.
அப்படியே அடுக்கிவிட்டுப் போயிருப்பார்.
முப்பது வருஷமும் இருட்டில்
அதைத் தாங்கிக்கொண்டிருந்தது
ஒரு தோல் வாஷர்.

பாய் குழாயைக் கழற்றிக் கட்டை அடித்தார்.
அதன் பின்னால் செங்கல் இற்று
அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.
தாளிக்கிற வாசனை.
பிறகு ஒரு கண்.
“கெடைச்சிச்சா?” என்றாள் பாரிஜாதம்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
“அடடே, இது நம்ம கொழாய்” என்றாள்.
எங்க என்று சொல்லவில்லை.

சுவர் காய மூணு மாசம் ஆகும்,
வெள்ளை அடிக்க அவசரப்படாதீங்க என்றார் பாய்.
பென்சில் தேதிகள் அப்படியே இருக்கின்றன.
நீலத்துக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.
ஓட்டையை அடைக்கக் கால் மூட்டை சிமெண்ட் போதுமாம்.
யார் காசு என்று
இன்னும் பேசவில்லை.