பதினான்காம் அறை

இயற்பியலில் எனக்கு நாற்பத்தொன்று.
தேறினேன், அவ்வளவுதான்.
ஓட்டேரிக் கல்லூரி ஆய்வகத்தில்
சுரமானிக் கம்பியின் நுனியில்
அரைக்கிலோ ஒரு கிலோ என்று எடை தொங்கவிட்டு
மடித்த காகிதத் துணுக்கு ஒன்றை
கம்பிமேல் குந்தவைப்போம்.
இசைவு கூடும் நீளத்தில் அது துள்ளி விழவேண்டும்.
எனக்கு ஒருநாளும் விழவில்லை.
வாயால் ஊதித் தள்ளிவிட்டு
யுவராணியின் நோட்டைப் பார்த்து அளவை எழுதினேன்.

பிறகு
சுண்ணாம்புக்காரத் தெருவில்
வாஜித் பாய் லாட்ஜில் இரவு வேலை.
பெயர்ப்பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்
பத்து நாள் என்று வருவார்கள்
நாற்பது நாள் இருப்பார்கள்.
அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனி வாடகை.
மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய்ப் புகை.
நான் முதலில் கற்ற வங்காளம்
கொத்தோ தின்? எத்தனை நாள்?
பதில் எனக்குப் பெரும்பாலும் புரிந்ததில்லை.
அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அக்னி நட்சத்திரத்தில்
ஒரு ராத்திரி கரண்ட் போனது.
இருபத்தாறு மின்விசிறிகள் ஓய்ந்த பிறகுதான்
அவை இதுவரை எவ்வளவு பேசின என்று கேட்டது.
அப்புறம், மேலிருந்து,
டொய்ங்.
கொஞ்சம் பொறுத்து அதே டொய்ங்,
ஒரு மயிரிழை கீழே.

பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது,
மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறோம்.
டார்ச்சோடு ஏறினேன்.
சுபோல் பர்மன், கூச்பிகார்,
உடன் மனைவி, முன்பணம் ஆயிரம்.
அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
அவர் தரையில்,
மடியில் பலாமரத்தில் குடைந்த ஒன்று,
வயிற்றுக்குத் தோல்.
தோத்தாரா என்றார்.
இரண்டு தந்தி என்று பொருளாம்.
எண்ணினேன், நான்கு இருந்தது.

கையும் ஓட்டை இந்தியுமாக அவர் சொன்னது:
அவர் ஊர்த் தோல் ஈரக்காற்றில் வளர்ந்தது.
இந்த வெயிலுக்கு விறைத்துக்கொள்கிறது.
தினமும் சுருதி ஏறிவிடுகிறது,
தினமும் இறக்கவேண்டியிருக்கிறது.
திட்ட வந்தவன்
டார்ச்சை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.
முறுக்காணி முனகியது.
ஒரு தந்தி இன்னொன்றைத் தேடி
கிட்டே போய், தாண்டிப்போய்,
திரும்பி வந்து
ஒட்டிக்கொண்டது.
என் முழங்கை ரோமம் எழுந்து நின்றது.
சுபோல்தா கருவியை உறையில் போட்டார்.

வாசிக்கலையா?
ரிப்போர்ட் வரட்டும், பிசாந்தி.
பிச்சாண்டி என்பது அவர் வாயில் கடைசிவரை வரவில்லை.

முப்பது இரவாவது இருக்கும்.
டீ வாங்கிக்கொண்டு மேலே போவேன்.
சுருதி சேரும், உறை மூடும்.
அந்த அம்மா ஒருமுறை கண்ணைத் திறக்காமலே
ஏதோ சொன்னார்.
அவர் மூன்றாவது தந்தியை
இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

அவர்கள் கிளம்பியது ஒரு பகலில்.
நான் ஆற்காட்டில் எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.
காட்பாடியில் மதியம் ரயிலாம்.
பேரேட்டில் பகல் ஆள் எழுத்து:
14 காலி. அடுப்பு திருப்பியாச்சு. பாக்கி இல்லை.
ரிப்போர்ட் என்ன என்று எழுத
அதில் கட்டம் கிடையாது.

போனில் தேடிப் பிடித்தேன்.
எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள்,
பிரமாதமாகத்தான்.
நான் முதல் நிமிஷம் மட்டும் கேட்பேன்,
காதைச் சாய்த்து ஆணியைத் திருகும் இடம்.
பாட்டு தொடங்கியதும் பின்னால் இழுத்துவிடுவேன்.
யுவராணி கல்யாணத்தில்
உனக்குப் பிடிச்ச மியூசிக் என்னடா என்று கேட்டார்கள்.
எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
நான் சாப்பாட்டுப் பந்தியைக் காட்டினேன்.

இப்போதும் கரண்ட் போகிறது.
பதினான்கில் ராஞ்சிக்காரர்கள்,
அவர்கள் பையன் இருட்டில் பந்து தட்டுகிறான்.
பாய் கீழ்வீட்டிலிருந்து கத்துகிறார்,
ஜெனரேட்டரைப் போடுடா, ஜனங்க வேகுது.
போடுகிறேன் பாய்.
சாவி கையில்தான் இருக்கிறது.