முகம் இல்லாதவள், 925 வெள்ளி

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
இடப்பக்கம் கார் இருக்கை தைப்பவர்,
வலப்பக்கம் உறைந்த மீனுருண்டை.
நடுவே நானும்
கட்டைவிரல் உயரமே உள்ள ஒருத்தியும்.

நூலகப் புத்தகத்தில்தான் அவளைப் பார்த்தேன்.
சுட்ட மண். முகம் இல்லை. பாதமும் இல்லை.
தொடையும் வயிறும் மட்டும் ஏராளம்.
அளவு தெரிவதற்காகப் பக்கத்தில்
ஒரு தீக்குச்சி வைத்துப் படம் எடுத்திருந்தார்கள்.
அந்தத் தீக்குச்சியைத்தான் வெகுநேரம் பார்த்தேன்.
இவ்வளவு சின்னவளா நீ.

பச்சை மெழுகில் செதுக்க உட்கார்ந்தால்
கை அவளை இளைக்க வைக்கிறது.
சிராங்கூன் சாலையில் ஏழு வருடம்
தாலிச்சங்கிலி நிறுத்து விற்ற கை,
அரை கிராமுக்கும் கணக்குப் பார்க்கும்.
மூன்று முறை மெழுகைச் சூடாக்கி ஒட்டி
அவள் வயிற்றை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சாந்துக்குள் புதைத்துச் சூளையில் வைத்தால்
உருகி ஓடிவிடுவாள்.
அவள் இருந்த இடம் இருக்கும்.
அதில்தான் வெள்ளியை ஊற்றுகிறோம்.

சனிக்கிழமைச் சந்தையில்
பெய் ஷான் என்றொரு பெண்
கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள்.
"அழகுதான். இடுப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

முகம் எங்கே என்று கேட்கவில்லை.

"குறைக்கலாம்.
உதிரும் தூளுக்கு விலை கழிக்க மாட்டேன்."
சிரித்தாள்.
பெட்டி வேண்டாம், பை வேண்டாம் என்று
உள்ளங்கையில் மூடிக்கொண்டு
ரயில் நிலையம் பக்கம் நடந்தாள்.

மறுநாள் உட்லண்ட்ஸ்.
ஜொகூரில் மெழுகு மலிவு.
கட்டைவிரலை வைக்கச் சொன்னது இயந்திரம்.
வைத்தேன். மறுபடி வைக்கவும்.
துடைத்து வைத்தேன். மறுபடி வைக்கவும்.
பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது.
ஹஸ்லினா என்று பெயர்ப்பட்டை அணிந்த அதிகாரி
என் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து
என்ன வேலை என்று கேட்டார்.

அரம். உப்புத்தாள். பளபளப்புச் சக்கரம்.
தின்றது போக மீதி இவ்வளவுதான்.

தனி அறையில் உட்கார வைத்தபோது நினைவு வந்தது:
முதல் மெழுகை ஒட்டிய இரவு
அவள் முதுகில் என் விரல் அழுந்திவிட்டது,
விரலில் ரேகை இருந்த காலம் அது.
தேய்க்க மறந்தேன்.
ரப்பர் அச்சிலும் ஏறி,
அச்சு ஈன்ற நாற்பத்து மூன்று பேர் முதுகிலும்
அதே சுழி, அதே வெட்டு.
முதுகுதான் தோலில் படும்,
வளையத்தை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

"வேறு ஏதாவது அடையாளம்?" என்றார் ஹஸ்லினா.

பெய் ஷான் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது.
முகத்தைக் காட்டினேன்.
எனக்குத்தான் இருக்கிறதே.
கதவு திறந்தது.