ஆறு கட்டம்

சினாந்தேகாவுக்கு வடக்கே
கரும்பு ஓயும் இடத்தில் பள்ளிக்கூடம்.
சனிக்கிழமை. சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் மோவாயை இடிக்கப்
பதினொரு பேர் குந்தியிருக்கிறோம்.

நர்ஸ் யஹோஸ்கா அட்டையைத் தூக்குகிறாள்.
ஆறு கட்டம், ஆறு நிறம்.
ஒன்றுக்குப் போனால்
பார்த்துவிட்டு நகருங்கள் என்கிறாள்.
முதலாவது தண்ணீர். அடுத்தது எலுமிச்சை.
நான்காவது பீர் என்கிறான் நிகானோர்,
கூரைத் தகரம் அதிரச் சிரிக்கிறோம்.
ஆறாவதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.
என் தம்பி செவ்வாயும் வெள்ளியும்
லெயோனுக்குப் பஸ் ஏறுகிறான்,
ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வர.

சட்டைப்பையைக் கொட்டச் சொன்னாள்.
சீப்பு, சில்லறை, ஒரு மாதா படம்,
எல்லோரிடமும் அதே இடுப்புவலி மாத்திரை.
ஒன்றும் திட்டாமல்
மாத்திரைகளை மட்டும் ஒதுக்கி எண்ணினாள்.
நாற்பத்திமூன்று.

பிறகு பலகையில் ஒரு கோடு,
முப்பது வருட வெயில்.
டிரெய்லருக்குச் சாய்த்த ஏற்றுப்பலகைபோல
மேலே மேலே போகிறது.
"பூமிக்குக் காய்ச்சல், சரி.
எங்கள் சிறுநீரகம் ஏன் சாகிறது?"
அதே நிகானோர்தான், இப்போது சிரிப்பில்லாமல்.
அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.
முழுசாக யாருக்கும் இன்னும் தெரியாது என்றாள்.
வெயில் இருக்கிறது. நீரில்லாத உழைப்பு இருக்கிறது.
மிச்சத்தைத் தேடுகிறார்கள்.
அப்போதுதான் எனக்கு அவளைப் பிடித்தது.

மத்தியானம் ஒத்திகை.
நான் மயங்கி விழ வேண்டும்,
தெல்ஃபினா கழுத்தில் ஈரத்துணி போட வேண்டும்.
விழுந்தேன். சிமெண்ட்டுத் தரை குளிர்ந்து கிடந்தது.
எழுந்திரு, முடிந்தது என்று
இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்.
எர்மெலிந்தாவில் ஓர் எழுத்தைக் காணோம்.
கூடவே ஈரத்துணி சுற்றிய வெப்பமானி,
ஒரு விசில்.
சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஊது,
எல்லோரும் நிழலுக்கு வருவார்கள்.

திங்கள், ஒன்பது இருபதுக்கு ஊதினேன்.
ஒரு வெட்டுக்கத்தியும் நிற்கவில்லை.
டன்னுக்குத்தானே கூலி;
நிழலை எந்தத் தராசில் போடுவது?
பத்துக்கு ஊதினேன்.
கங்காணி காதைக் குடைந்தான்.
"என்னமோ பறவை கத்துது" என்றான் நிகானோர்,
குனிந்தபடியே.

பதினொன்றுக்கு வரிசைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.
எரித்த கரும்புக்காடு, தரையெல்லாம் கரி.
கரியில் எந்த நிறமும் தெரியாது.
கழுவிக்கொள்ளலாம் என்று
சோற்று டப்பாவின் வெள்ளை மூடியைப் பிடித்தேன்.
அட்டையைப் பக்கத்தில் வைத்தேன்.
ஐந்தாம் கட்டம்.

காலை முழுக்க ஊரானுக்கே ஊதியிருக்கிறேன்.

இந்தத் தடவை வெப்பமானியைப் பார்க்கவில்லை.
ஊதிவிட்டு, கத்தியை மண்ணில் குத்திவிட்டு,
நீலத் தார்ப்பாய்க்கு அடியில் போய்
உட்கார்ந்தேன், ஒற்றை ஆளாக.
கேனில் தண்ணீர் சுட்டது. குடித்தேன்.
கங்காணி நோட்டைத் திறந்து
என் பெயரை எழுதினான்,
ஓர் எழுத்தும் குறையாமல்.