பாதித் தலை

இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் வரும்போது
ஜெனரேட்டர் இருமி நின்றது.
எனுகுவில் நண்பகல்.
கழுத்துத் துணியோடு நானும் வாசலுக்கு வந்தேன்.

ஒக்வுதிலி கத்தரியைத் தேடவில்லை.
ப்ளக்கைக் கழற்றினான். கரி.
சவரப் பிளேடால் சுரண்டினான்,
பிறகு ஏழு பிளேடுகளை அடுக்கி
முனைக்கும் முனைக்கும் நடுவே நுழைத்து
"சரி" என்றான், என்னிடம் அல்ல.
காற்று வடிகட்டிப் பஞ்சுக்கு
எனக்குப் போடாத ஷாம்பு.
கார்புரேட்டர் கிண்ணத்தில்
பெட்ரோலுக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்
கோலிக்குண்டாய் உருண்டது.
"இதற்கும் காசு வாங்கிவிட்டான் பார்."

திடீரென்று தெருவே கூவியது:
மின்சாரம்!
உள்ளே, அணைக்க மறந்த கிளிப்பர்
கண்ணாடி மேடையில் வண்டுபோல் சுற்றியது.
"வா, நான்கு மணிக்குப் பெண் வீடு."
"அது விருந்தாளி" என்றான்
திருகாணியைப் பல்லில் கவ்வியபடி.

ஐந்து இழுப்பு, ஒன்றுமில்லை.
ஆறாவதில் நீலப் புகை.
தேவையே இல்லாமல் ஓடிய எஞ்சினை
தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்,
என் பாதித் தலையில் வெயில் ஏற ஏற.
பின் அணைத்தான். கை துடைத்தான்.
வலப்பக்கம்.

மாலையில் பெண்ணின் தகப்பனார்
என்னைக் கட்டிக்கொண்டார்,
வலக்காதருகே மோந்தார்,
மெல்லக் கேட்டார்:
"உங்கள் வீட்டு ஜெனரேட்டருமா?"