சுவரின் குற்றம்

பதினெட்டாயிரம் லிட்டர் எமல்ஷன் விற்றதற்குக்
கம்பெனி எனக்குத் தந்தது
மூன்று இரவும் ஒரு கப்பலும்.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
அறை எண், சாப்பாட்டு மேசை எண்,
பரஞ்சோதி, திண்டுக்கல்.
பெயரில் ஓர் எழுத்து குறைவு.

பினாங்கில் இறங்கும்போது காலை ஒன்பது.
நாலரைக்குள் ஏறாதவருக்காகக்
கப்பல் நிற்காது என்று
ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொன்னது,
நான்காவதாக எங்கள் ஏரியா மேனேஜர்.

நாற்பத்தாறு டீலர்கள், ஒரே மஞ்சள் தொப்பி.
மலை ரயில், பெரிய புத்தர் கோயில், ஜாதிக்காய்க் கடை என்று
கொடி பிடித்த பெண்ணின் பின்னால் பஸ் ஏறினார்கள்.
நான் ஏறவில்லை.
கழிப்பறைக்குப் போயிருந்தேன்,
அவ்வளவுதான். சாகசம் எதுவுமில்லை.

பிளாஸ்டிக் பூச்சூடிய ட்ரைஷா ஒன்று
பாட்டை அலறவிட்டபடி வந்து நின்றது.
வேண்டாமென்று நடந்தேன்.
ஊர் பார்க்க வந்தவன் ஊர் பார்ப்பான்.
நான் சுவர் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடத் தொழில்,
கண் வேறெங்கும் போகாது.

கடைவாசல்களின் ஐந்தடிப் பாதை நெடுக
நீலம், அதன் அடியில் பச்சை,
அதற்கும் அடியில் பெயரில்லாத ஒரு வெளுப்பு.
எங்கள் ஷேட் கார்டில் அந்த நீலத்துக்கு நம்பர் கிடையாது.
ஒரே ஒரு வீடு மட்டும் புத்தம்புது பீச்.
கிட்டப் போனால்
அம்மை கண்ட முகம்போல் முழுக்கக் கொப்புளம்.
ஒன்றை விரலால் அழுத்தினேன்.
அப்பளமாய் நொறுங்கியது.
உள்ளே தேங்கிய தண்ணீர்
மணிக்கட்டு வரை வழிந்தது.

"அண்ணே, அது எங்க வேல. தொடாதீங்க."

சாரத்தின் மேல் ஒரு பெண்.
கையில் சுரண்டி, தலையில் துண்டு,
சட்டையில் தைத்த பெயர் கோகிலவாணி.
"சுண்ணாம்புச் சொவரு லா இது.
ஈரத்த உள்ள இழுக்கும், வெளிய விடும்.
மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிட்டாங்க.
மூச்சு முட்டாதா?"

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.
"நீங்க என்ன வேல பாக்கிறீங்க?" என்றாள்.
"டூரிஸ்ட்" என்றேன்.

நாகல்நகரில் செசிலியா டீச்சர் வீடு.
அதுவும் சுண்ணாம்புச் சுவர்தான்.
இரண்டு கோட் நானே சிபாரிசு செய்தேன்,
ஏழு வருட வாரண்டி அட்டையில்
கையெழுத்தும் போட்டேன்.
ஐப்பசி மழைக்கே உரிந்துவிட்டது.
செதில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து வந்து
மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.
"சுவர் சரியில்லை டீச்சர்" என்றேன்.
சுவருக்காக அவர்
என்னிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.
அந்த அறுபது லிட்டரும்
பதினெட்டாயிரத்தில் சேர்த்தி.

சந்தில் நின்றபடி செண்டோல் குடித்தேன்.
இனிப்பு அதிகம். பச்சைப் புழு நெளிந்து இறங்கியது.
எதிரே சுவரோவியத்தோடு படமெடுக்க வரிசை.
சாய்ந்து சிரித்தவர்கள் எல்லோரும்
முதுகில் கொஞ்சம் வெள்ளையோடு போனார்கள்,
அவர்களுக்குத் தெரியாது.
மூன்றரைக்கு ஒரு மழை, பத்து நிமிடம்.
நனைந்த சுவர்கள் ஆவி விட்டன.
பீச் நிற வீடு விடவில்லை.

திருப்பத்தில் கப்பல்.
கடிகாரக் கோபுரத்தைவிட உயரமாய்,
ஒரு கொப்புளம்கூட இல்லாத வெள்ளை.
எத்தனை லிட்டர் பிடித்திருக்கும் என்று
மனம் கணக்குப் போட்டது.
நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

"எங்கேய்யா தொலைஞ்சீர்? புத்தரை விட்டுட்டீரே!"
மேனேஜர் ஒரு ஜாதிக்காய் மிட்டாய் தந்தார்.
வாங்கிய விரலின் நகக்கண்ணில்
பினாங்கு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஐந்து மணிக்குக் கரை விலகியது.
ஊரில் இப்போது மதியம் இரண்டரை.
டீச்சரின் நம்பர் எனக்கு மனப்பாடம்,
வாரண்டி அட்டையில் நானே எழுதியது.
போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.
வெகுநேரம் இருந்தது.