சத்தம் போடுவதையே கொடுங்கள்

மாகடிக்கு அப்பால் ஒரு கல்சரிவில்
முக்கால் ஏற்றத்தில் நின்றுபோனது ஜீப்.
டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல்.
மூக்கு வானத்தில், டேங்க் பள்ளத்தில்,
நடுவே எங்கோ கிழிந்த டயாஃப்ரம்
காற்றைக் குடித்துவிட்டு
டீசல் என்று எஞ்சினிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா இறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள்.
நான் கைப்பம்பை அழுத்தினேன்,
நாற்பது, அறுபது, அப்புறம் எண்ணவில்லை.
நுரை.
நுரை.
பிறகும் நுரை.
கட்டைவிரலில் ஏறிய வாசனை
செவ்வாய்க்கிழமைத் தயிர்சாதம்வரை கூட வந்தது.

சனிக்கிழமை மினர்வா சர்க்கிளில் இறங்கி
ஜே.சி. ரோட்டில் நடந்தோம்.
ஒரு பையன் ஹாரன்களை ஒவ்வொன்றாய் அலறவைத்து
விலை சொல்லிக்கொண்டிருந்தான்.
முக்தார் பாயின் கடை ஏழடி அகலம்,
ஆழம் அவருக்கே தெரியாது.

"எலெக்ட்ரிக் பம்ப்தானே? இதை எடுங்க மேடம்,
பெட்ரோல் இன்ஜெக்ஷன் காரோடது,
நாற்பத்தஞ்சு பவுண்டு தள்ளும், மலையே ஏறும்."
மலையை நான் ஏறிக்கொள்கிறேன், பாய்.
என்னுடைய இன்ஜெக்ஷன் பம்ப் பழைய ஜீவன்.
நாலு, மிஞ்சினால் ஐந்து.
அதற்கு மேல் திணித்தால் சீல் பிதுங்கி
டீசல் போய் ஆயிலில் விழும்.
அழுத்துகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்,
வாய்வரை கொண்டுவந்து கொடுத்தால் போதும்.
அண்டா வேண்டாம்,
பாலாடை இருக்கிறதா?

அவர் வீட்டில் மூன்று மாதக் குழந்தையாம்.
சிரித்துக்கொண்டே இருட்டுக்குள் போனவர்
இரண்டு பெட்டிகளோடு வந்தார்.

முதலாவது பளபளப்பு, ஏழாயிரத்து இருநூறு.
பழைய பேட்டரியில் வயரைத் தொட்டு
டீசல் டப்பாவில் குழாயை விட்டார்.
ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது.
"சத்தமே வராது," என்றார், பெண் பார்க்க வந்தவர்களிடம்
பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.
இரண்டாவது சோப்புக்கட்டி அளவில் ஒரு தகரக்கட்டி,
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
தொட்டதும் டக்டக்டக்டக் என்று
சுவரில் பல்லி பதறுவதுபோல.
டீசல் ஏற ஏற நிதானித்து
டக்.
டக்.
காலியாய் இருப்பதையும் நிறைந்ததையும்
தானே சொல்லிவிடுகிற பிறவி.

உள்ளே ரப்பர் டீசலுக்குத் தாங்குமா என்றேன்.
நாள் முழுக்க ஓடுமா, நடுவில் ஓய்வு கேட்குமா?
"ஓய்வு கேட்கிறது நான்தான் மேடம்."
எஞ்சின் அணைந்தால் இதுவும் அணையவேண்டும், பாய்,
வண்டி கவிழ்ந்து கிடக்கையில்
தன்பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிற விசுவாசம்
எனக்கு வேண்டாம்.
ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ்,
நானூற்று எண்பது சேர்த்தார்.

எதை என்று ஜெசிந்தாவைப் பார்த்தேன்.
ஒன்பது வயதுக் காய்ச்சல் அவள் இரு காதுகளையும் கொண்டுபோனது.
மெஷின் உண்டு. மண்பாதைக்கு வந்தால்
தூசிக்குப் பயந்து கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள்.
"எனக்கு எல்லா பம்ப்பும் சத்தமில்லாததுதான்,"
என்று இரண்டின் மேலும் உள்ளங்கை வைத்தாள்.
தகரக்கட்டியை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு, லிங்கராஜபுரம் சந்தில்
ஜீப்புக்கு அடியில் இருவரும்.
டேங்க்குக்குப் பக்கத்தில், தாழ்வாக,
முன்னால் ஒரு வடிகட்டி.
அதிர்வு தாங்கும் ரப்பர் வளையம் இரண்டு
பெட்டியிலேயே இருந்தன.
மாட்டப் போனேன்.
வேண்டாம் என்று பிடுங்கிப் பையில் போட்டாள்.
இரும்போடு இரும்பாக முடுக்கினாள்.
ஏன் என்று அப்போது கேட்கவில்லை.
என் கண்ணில் துரு விழுந்திருந்தது.

மறுபடி அதே சரிவு, அதே முக்கால்.
எஞ்சின் இரைச்சலில், கற்கள் பாத்திரம் உருட்டுவதில்
நல்ல காது இரண்டு இருந்தும்
எனக்கு ஒரு டக்கும் கேட்கவில்லை.
கை தானாகவே கைப்பம்பை நினைத்துக்கொண்டது.

செருப்பைக் கழற்றி
தரைத்தகட்டில் பாதம் பதித்திருந்தவள்
முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:
"ஓடுது. நீ ஏறு."

முக்தார் பாய்க்கு
இன்னும் முப்பது ரூபாய் பாக்கி.